தந்தியில் இல்லாத வார்த்தை

அம்மா இருந்தவரை இதை நான் எழுதவில்லை. எழுதி எங்காவது அச்சாகிவிட்டால் அதை அம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வரிச்சிக்குடியில் ஆளுக்கா பஞ்சம்? இப்போது அம்மாவும் இல்லை. வாசித்துக் காட்டக்கூடியவர்களிலும் பாதிப் பேர் இல்லை. எனக்கும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் இந்த விஷயம் என்னோடு போய்விடும்.

அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். காரைக்கால் போகும் மெயின்ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒற்றை அறைக் கடை, பின்னாலேயே வீடு. வாய்க்காலில் தண்ணீர் வராத மாதங்களில் சுற்றுவட்டாரத்துப் பம்ப்செட் மோட்டார்கள் ஓயாமல் ஓடி எரிந்துபோகும். சைக்கிள் கேரியரிலும் மாட்டுவண்டியிலும் வைத்துக் கொண்டுவருவார்கள். அப்பா மூடியைக் கழற்றி ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். "காயில் போச்சு" என்பார். கருகின செம்புக்கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, எனாமல் பூசிய புதுக் கம்பியைச் சுற்றிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டுச் சோற்றிலேயே அந்த வார்னிஷ் வாடை இருக்கும்.

காயில் சுற்றும்போது அவருக்கு இரண்டு வழக்கங்கள். ஒன்று, எண்ணுவது பிரெஞ்சில். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் நாலைந்து வகுப்பு படித்தவர். பேச வராது, எண்ண வரும். "தமிழ்ல எண்ணுனா எவனாவது வந்து, அண்ணே என் மோட்டார் என்னாச்சும்பான். பதில் சொல்லிட்டு எண்ணிக்கைய விட்டுடுவேன். இதுல எண்ணுனா மந்திரம் ஓதுறேன்னு நெனச்சு சும்மா நிப்பான்" என்பார். இன்னொன்று, ஃபேன். வார்னிஷ் காய்வதற்காகக் கடையில் ஒரு டேபிள் ஃபேன் உண்டு. ஆனால் காயில் சுற்றும் நேரத்தில் அதைத் தொடக்கூடாது. காற்றில் கம்பி ஆடினால் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். சித்திரை வெயிலிலும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேர்வை வழியச் சுற்றுவார். விவரம் தெரியாமல் யாராவது சுவிட்சைத் தட்டினால் பிரெஞ்சு நின்று தமிழில் வசவு வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தேன். சில உலோகங்களை மிக நன்றாகக் குளிரவைத்தால் அவற்றில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்று பெயர். காந்தத்துக்கும் அதற்கும் ஆகாது. மீக்கடத்தியாக மாறும் கணத்தில் அந்த உலோகம் தனக்குள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும். காந்தத்தன்மையுள்ள அணுக்களைத் துளித்துளியாக அந்த உலோகத்தில் கலந்தால், எந்த அளவில் மீக்கடத்தல் செத்துப்போகும் என்பது என் ஆராய்ச்சி. 'பொம்பளப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்று ஊரில் கேட்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் அம்மா, அவளுக்கு நான் சென்னையில் டீச்சருக்குப் படிக்கிறேன் என்று எண்ணம்.

அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். கூடத்தில் அதைத் தயாரிக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று. பட்டியலில் நம் பெயர் வர நாலு மாதம் ஆகும். வந்தால் ஒரு குடுவை, இரண்டு நாள். குடுவை நிரம்பிய நிமிடத்திலிருந்தே அது ஆவியாகிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததா இல்லையா என்றெல்லாம் அது பார்க்காது.

முதல் தடவை என் பெயர் வந்த அன்று காலை, குடுவையை நிரப்பிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' எல்லா வீட்டுக்கும் அந்தக் காலத்தில் போன அதே நாலு வார்த்தை. ஹீலியத்தை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று வழி முழுக்க அழுதேன். பூவம் செக்போஸ்டில் பஸ் நின்றபோது அழ ஒன்றும் பாக்கியில்லை. வரிச்சிக்குடியில் இறங்கினால் அப்பா கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பாப்பா, லீவா?" என்றார்.

வீட்டுக்குள் சித்தப்பா கேசரிக்கு முந்திரி எண்ணிக்கொண்டிருந்தார். நிரவியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளைக்குப் பாண்டிச்சேரியில் சர்க்கார் வேலையாம். சும்மா கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்று தந்தியை இப்படி அடித்துவிட்டாராம். "நல்ல காரியத்துக்குத்தானம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தலைகூட வாராமல் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா பாவம், மரியாதைக்கு, "மெட்ராஸ்ல என்னம்மா படிக்கிற?" என்று கேட்டுவிட்டார். மீக்கடத்தலைப் பற்றி ஆரம்பத்திலிருந்து விளக்கமாகச் சொன்னேன். கேசரி பாதி தட்டில் இருக்கும்போதே எழுந்து போய்விட்டார்கள்.

அப்பாவுக்குத் தந்தி விஷயம் தெரியாது. தெரிந்தபின் இரண்டு நாள் தம்பியோடு பேசவில்லை. என்னிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, வெட்கம். "ஒன் குடுவை என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றேன்.

பொங்கல் லீவுக்கு வந்தபோது நான் முடிபோன்ற செம்புக்கம்பியும் விரல் நீளத்துக்கு ஒரு குழலும் கொண்டுவந்தேன். உலோகம் மாறும் கணத்தைப் பிடிக்க இரண்டு காயில்கள் வேண்டும். இரண்டும் ஒரே எண்ணிக்கை, ஆனால் ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது, மற்றது வலப்பக்கமாக. ஒன்று காட்டுவதை மற்றது சரியாக அழித்து, மீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒன்றுக்குள் வைத்த உலோகம் மாறினால் சமன் கெடும், முள் விழும். கூடத்தில் சுற்றிக் கொடுத்த காயில் சமனாகவே இல்லை.

சாலையில் லாரிகள் போகும் சத்தத்தில் பேச்சு கேட்காது. அப்பா ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் இடமாகச் சுற்றிக் காட்டினார், இப்படியா? பிறகு வலமாக, இப்படியா? நானும் விரலைத் தூக்கி, முதலில் அப்படி, அப்புறம் இப்படி, என்று காட்டினேன்.

"எந்த மோட்டார்லயும் இப்புடிக் கெடையாதே பாப்பா. இது சுத்துனத அது அழிச்சிடுமே."

"அழிக்கணும்ப்பா. அதான் வேணும்."

மூன்று நாள் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கத்துக்கு இரண்டாயிரம் சுற்று. கடைக்கதவைச் சாத்திக்கொண்டார், மூச்சைக்கூட அளந்து விட்டார். மூன்றாம் நாள் கம்பி முனையைப் பற்றவைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"அந்தத் தந்தி மாதிரி இனிமே ஒண்ணு நடக்கக் கூடாது. ஒன் சித்தப்பன நான் நம்ப மாட்டேன். எனக்கு நெசமாவே ஏதாச்சும்னா, தந்தியில காயில் பர்ன்ட்டுன்னு ஒரு வார்த்த போடச் சொல்லிடுறேன். அது இருந்தா வா. இல்லாட்டி ஒன் வேலையப் பாரு."

சிரித்தேன். அவரும் சிரித்தார். "அம்மாட்ட சொல்லிடாத, அவ சித்தப்பன்கிட்ட சொல்லிடுவா" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு புத்திசாலிகள் சேர்ந்து செய்த ஏற்பாடு.

அடுத்த சித்திரையில் மறுபடி என் பெயர் வந்தது. அப்பா சுற்றிய காயிலை ஹீலியத்தில் இறக்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முள் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. அப்படி ஒரு சமனை அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. அலுவலகத்து ப்யூன் தந்தியைக் கொண்டுவந்து நீட்டினார். 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' இரண்டு தடவை படித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். காயில் இல்லை.

போன தடவை ஹீலியம் வீணானதற்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கிய பேராசிரியர், இந்தத் தடவை அவராகவே, "போகணும்னா போங்க" என்றார்.

"வேண்டாம் சார். எங்க வீட்ல இது வழக்கம்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் எத்தனை முறை எனக்கே சொல்லிக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

மறுநாள் மாலைவரை அளந்தேன். குறிப்பிட்ட குளிரில் முள் செங்குத்தாக விழுந்தது. வரைபடத்தாளில் புள்ளிகளைச் சேர்த்தபோது ஸ்கேல் வைத்து இழுத்த கோடுபோல வந்தது. அப்பாவிடம் காட்டத் தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் காலை பஸ் ஏறினேன். இந்தத் தடவை அழவில்லை. சித்தப்பாவிடம் என்ன கேட்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று சீர்காழிவரை ஒத்திகை பார்த்தேன். நன்றாகவே வந்தது.

சீர்காழியில் மாறி ஏறிய காரைக்கால் பஸ்ஸின் கண்டக்டர் பூவத்தில் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க காயில் கடைக்காரவங்க பொண்ணுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "எந்திரிக்க வேணாம். அங்க வந்ததும் நானே சொல்றேன், மெதுவா எறங்குங்க" என்றார். அந்த 'மெதுவா'வில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று காலைதான் போயிருந்தார். எனக்காக வைத்திருந்தார்கள். பக்கவாதம். தந்தி அடிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடையிலேயே சரிந்திருக்கிறார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாய் போய்விட்டது. அதைக் கேட்டபோதுதான் எங்கள் ஏற்பாட்டில் இருந்த ஓட்டை எனக்குப் புரிந்தது. அந்த வார்த்தை தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர். அவருக்குப் பேச்சு வரவில்லை. தந்தி வந்த அன்றே கிளம்பியிருந்தால் ஒரு முழு நாளும் இரண்டு ராத்திரியும் அவரோடு இருந்திருப்பேன்.

சித்தப்பா என் காலடியில் உட்கார்ந்து அழுதார். "போன தடவ மாரி இதுவும் பொய்யின்னு நெனச்சு இருந்துட்டியோன்னு பயந்தேன்மா. நாந்தான் பாவி."

"இல்ல சித்தப்பா. தந்தி லேட்டாத்தான் கெடச்சுது" என்றேன்.

அவருக்காகச் சொன்ன பொய் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எனக்காகவும்தான். ஊரே தந்தி ஆபீஸைத் திட்டித் தீர்த்தது. ஒரு பாவமும் அறியாதவர்களை நான் திட்ட விட்டேன்.

காரியம் முடியும்வரை துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நெனவே இல்லங்க. ஆளத் தெரியல. காத்துக்குத்தான் தவிச்சாங்க. ஃபேன், ஃபேன்னு அதையேதான் கேட்டாங்க." அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு ஆறுதல். நினைவே இல்லையென்றால் என்னைத் தேடியிருக்க மாட்டார். வருவாளா என்று வாசலைப் பார்த்திருக்க மாட்டார். இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சென்னைக்குத் திரும்பினேன். வாய் போன மனிதர் ஃபேனை எப்படிக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. பார்ப்பதையெல்லாம் சந்தேகிக்கச் சம்பளம் வாங்குகிறவள், அதை மட்டும் கேட்கவில்லை.

முதல் வருஷத் திவசத்துக்கு அம்மா மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தாள். மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் அப்பா பெயர், உபயம். "காத்துக்கு ஏங்கிப் போன உசுரு. நாலு பேருக்குக் காத்து வரட்டும்" என்றாள்.

அந்த வரைபடம் என் ஆய்வேட்டில் இருக்கிறது. எல்லாரும் பாராட்டிய கோடு அது. நன்றியுரையில், காயில் சுற்றித் தந்த என் தந்தைக்கு, என்று ஒரு வரி எழுதினேன். பேராசிரியர், காயில் சுற்றியவருக்கெல்லாம் நன்றி எழுதுவதில்லை என்று அடித்துவிட்டார். நான் மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார். மூன்றாம் முறை எழுதியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அங்கேயே விஞ்ஞானியாக வேலை கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நிரவிக்காரர்களுக்கு அப்புறம் யாரும் கேசரி சாப்பிட வரவுமில்லை. காந்தமும் மீக்கடத்தலும் ஒரே பொருளுக்குள் எவ்வளவு நேரம் சண்டை போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தும் என்று வருஷக்கணக்காக அளந்தேன். மாணவர்களுக்கு என்னைக் கண்டால் பயம். முள் பூஜ்யம் காட்டுகிறது, ஒன்றுமில்லை மேடம், என்று யாராவது வந்தால் குதறிவிடுவேன். "ஒன்றுமில்லையா, இல்லை கருவி செத்துப்போச்சா? அதை முதல்ல பாத்துட்டு வா" என்பேன். நல்ல பாடம் என்று குறித்துக்கொள்வார்கள். எங்கே கற்றேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசியில் புதுவிதமான மீக்கடத்தி வந்தது. கறுப்பான பீங்கான் வில்லை. அதற்கு ஹீலியம் வேண்டாம், திரவ நைட்ரஜனே போதும். உலகத்தில் அடுப்பு வைத்திருந்த இயற்பியல்காரர்கள் அத்தனை பேரும் வில்லை சுட்டார்கள், நானும் சுட்டேன். காரைக்காலில் ஒரு கல்லூரியில் வந்து பேசச் சொன்னார்கள். நைட்ரஜனுக்கு எங்கே போவது என்று கையைப் பிசைந்தார்கள். மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி மருந்து வைக்கும் கேனில் இருப்பது அதுதான் என்று சொல்லி, அங்கேயே வாங்கிக்கொண்டோம். பேச்சு முடிந்து மிச்சத்தை ஒரு ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு வரிச்சிக்குடிக்கு வந்தேன். அம்மாவுக்கு என் வேலையை ஒரு தடவையாவது காட்டவேண்டும் என்று ஆசை.

மத்தியான நேரம். தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் வில்லையை வைத்து நைட்ரஜனை ஊற்றினேன். புகை அடங்கியதும், சட்டைப் பொத்தான் அளவுக் காந்தத்தை அதன்மேல் விட்டேன். தொடாமல் அந்தரத்தில் நின்றது. விரலால் லேசாகச் சுண்டினேன். சுற்ற ஆரம்பித்தது. தடுக்க ஒன்றும் இல்லாததால் சுற்றிக்கொண்டே இருந்தது.

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "ஒங்கப்பா வெரலும் இப்புடித்தான் சுத்திச்சு" என்றாள்.

"எப்பம்மா?"

"கடைசியிலதான். எடது கைய மட்டும் தூக்க முடிஞ்சுது. ஆட்காட்டி வெரல இப்புடி சுத்துவாங்க. சரி, ஃபேனுங்குறாங்கன்னு போட்டேன். போட்டப்புறமும் சுத்துனாங்க. பத்தலையாக்கும்னு இன்னும் வேகமா வச்சேன். ஒன் சித்தப்பா கடையிலேருந்து டேபிள் ஃபேனயும் எடுத்தாந்து வச்சாரு. அப்பவும் விடல. தலைய தலைய ஆட்டுனாங்க. கண்ணுலேருந்து தண்ணியா ஊத்துச்சு."

அதோடு விட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை. "ஒரே பக்கமாவாம்மா சுத்துனாங்க?" என்று கேட்டேன்.

"இல்ல. கொஞ்ச நேரம் இப்புடி." விரலை இடமாகச் சுற்றினாள். "நிறுத்திட்டு, அப்புறம் மாத்தி இப்புடி."

முதலில் அப்படி, அப்புறம் இப்படி. எந்த ஃபேனும் மாற்றிச் சுற்றாது. அது என் காயில். நினைவு இருந்திருக்கிறது. எங்கள் வார்த்தையை வாயால் சொல்ல முடியாமல் விரலால் சொல்லியிருக்கிறார், இரண்டு நாள், தந்தி அடித்த சித்தப்பாவின் முகத்துக்கு நேரே. போடச் சொன்னது தந்தியில். இவர்கள் போட்டது ஃபேன். அதே நேரத்தில் நான் அவர் சுற்றிய காயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு அழகான பூஜ்யம் என்று பூரித்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைப் பார்த்தபடி குனிந்துகொண்டேன்.

அம்மா இன்னும் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவங்களுக்குத்தான் காயில் சுத்துறப்ப ஃபேனே ஆகாதே. அன்னிக்கு மட்டும் ஏன் அப்புடிக் கேட்டாங்கன்னு எனக்கு மனசுக்குள்ள இருந்துக்கிட்டேதான் இருக்கு. யார்ட்ட கேக்குறது? நீ படிச்சவ, சொல்லு. நான் சரியாத்தானே புரிஞ்சுக்கிட்டேன்? ஃபேனத்தானே கேட்டாங்க?"

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அப்பா பெயரோடு அந்த ஃபேன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா. ஃபேனத்தான் கேட்டிருக்காங்க" என்றேன்.

அம்மா மூச்சை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிண்ணத்தில் நைட்ரஜன் தீர்ந்து காந்தம் மெல்ல இறங்கி வில்லையின்மேல் உட்கார்ந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதாம்மா" என்றேன்.